ஒன்பதிலிருந்து மூன்று வரை

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அன்புள்ள என்று பழக்க தோஷத்தில் எழுதிவிட்டேன். அடிக்க மனமில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

நீ கப்பல் தளத்தை விட்டுப் போய் நாலு மாதம் ஆகிறதாம். போன வாரம் உன் விடுதிக்குப் போன் செய்தேன். உன்னோடு ஒரே அறையில் இருந்த வெல்டர்தான் எடுத்தார். "அவர் வடக்கே மாத்திக்கிட்டுப் போயிட்டாரேம்மா, உங்ககிட்ட சொல்லலையா?" என்று கேட்டார். கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதது கூடத் தங்கியிருந்தவருக்குத் தெரிந்திருக்கிறது. "சொன்னான், நான்தான் மறந்துட்டேன்" என்று சமாளித்து முகவரி வாங்கினேன்.

கடைசியாக நாம் பேசியது செப்டம்பரில். நினைவிருக்கிறதா? படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டோடு மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டு உன்னைக் கூப்பிட்டேன். "கை உடைஞ்சுபோச்சுடா, ரெண்டு நாள் வந்துட்டுப் போ" என்றேன். நீ "சரிக்கா, சரிக்கா. உடம்பைப் பார்த்துக்கோ, வெச்சிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். ஒரு கையால் சோறு வடிக்க முடியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மூன்று வாரம் ரொட்டியைப் பிய்த்துத் தின்றேன். பிறகு எத்தனை தடவை கூப்பிட்டாலும் நீ போனுக்கே வரவில்லை.

இதையெல்லாம் சொல்லி அழுவதற்காக எழுதவில்லை. காரியமாக எழுதுகிறேன். நாம் இந்த நாட்டில் நிலையாகத் தங்க அனுமதி வந்துவிட்டது. உனக்கும் வந்திருக்கும். படிவத்தில் வட்டாரம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, பார்த்தாயா? வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, இதில் ஒன்றை எழுத வேண்டும். எழுதிவிட்டால் ஐந்து வருஷத்துக்கு அங்கேதான் வேலை, அங்கேதான் குடித்தனம். மே பதினைந்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்து இறங்கிய அன்று, இரண்டு பெட்டிக்கு நடுவில் நின்றுகொண்டு நீதான் சொன்னாய்: "அனுமதி மட்டும் வரட்டும்க்கா, ரெண்டு பேரும் ஒரே ஊர்ல ஒரே வீட்ல இருப்போம்." வேலை கொடுத்தவர்கள் என்னைத் தெற்கு மூலையிலும் உன்னை மேற்கு மூலையிலும் போட்டார்கள். அந்தப் பேச்சு இன்னும் நிற்கிறதா? ஆமாம் அல்லது இல்லை என்று ஒரு வரி எழுது. கெஞ்சுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

எனக்கு எந்த ஊரானாலும் ஒன்றே ஒன்றுதான் வேண்டும். ராத்திரி முழுக்க மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் போர்வை மடித்துவிட்டு வருகிறேன். காலை ஒன்பதிலிருந்து மதியம் மூன்று வரை எனக்குத் தூக்கம் வேண்டும். இங்கே கீழ்த்தளத்தில் பஸ் பழுதுபார்க்கிறார்கள், சரிபார்த்த ஹாரனை மறுபடி மறுபடி சரிபார்க்கிறார்கள். மேல்வீட்டுப் பிள்ளை பந்து தட்டுகிறது. இங்கே வருவதற்கு முன்னால், உன் அத்தான் படுக்கையில் கிடந்த ஒன்பது வருஷமும் ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்துதான் தூங்கினேன். இப்போது இரண்டையும் மூட நான் தயார், ஊர் விடமாட்டேன் என்கிறது.

அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

பேச்சு நிற்கிறது. ஒரு வரி கேட்டாய், அதை முதலிலேயே எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கையைப் பற்றி எழுதிய இடத்தை மட்டும் எத்தனை தடவை என்று கணக்கில்லை. நான் என்ன சொன்னாலும் சால்ஜாப்பு மாதிரித்தான் இருக்கும். மன்னித்துவிடு. இப்போது கை மடங்குகிறதா? நனைந்த போர்வையெல்லாம் தூக்குகிறாயா? தூக்காதே. யாரையாவது அதட்டித் தூக்கச் சொல். அதட்டுவதற்கு உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் மாறி வந்ததைச் சொல்லாததும் தப்புதான். எண்ணெய்த் தொட்டிக்குள் உட்கார்ந்து துருவைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பதினோரு வருஷம் ஓடிவிட்டது, போதும் என்று தோன்றியது. இங்கே ஸ்டோரில் வேலை. ஆட்கள் சீட்டை நீட்டுவார்கள். போல்ட்டோ வாஷரோ சீட்டில் இருப்பதை எடுத்துக் கொடுத்தால் போதும். பேச்சே தேவையில்லை. புதன்கிழமை லீவு. வீட்டில் போன் கிடையாது. ஸ்டோரில் ஒன்று இருக்கிறது, அதில் கூப்பிட வேண்டாம். கடிதமே எழுது அக்கா. போனில் பேசினால் நமக்குள் சண்டை வருகிறது. கடிதத்தில் நீ திட்டினால் எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாகத் திட்டு வாங்கலாம்.

இனி வட்டாரம். மேற்கு வேண்டவே வேண்டாம். துவைத்த சட்டை காய நாலு நாள் ஆகும், அதற்குள் நாற்றம் வந்து மறுபடி துவைக்க வேண்டும். தெற்கைப் பற்றி நீயே சொல்லிவிட்டாய். கிழக்கில் நம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், சாமான் மலிவு. பேச ஆள் கிடைக்கும் என்று நீ நினைத்தால் கிழக்குக்கும் நான் சம்மதம்.

ஆனால் என்னைக் கேட்டால் வடக்கு. அக்கா, இந்த மாதிரி அமைதியான இடத்தை நான் பார்த்ததே இல்லை. சந்தின் கடைசி வீடு. இரண்டு அறை, ஒன்று சும்மாதான் கிடக்கிறது. பின்னால் உயரமான மதில், அந்தப் பக்கம் ஏதோ கிடங்கு. மலைக்காற்றில் வெள்ளையாக ஒரு தூசி வந்து ஜன்னலில் படியும், அது ஒன்றுதான் குறை. வாடகை பாதிக்குப் பாதி. இவ்வளவு நல்ல இடத்தில் ஏனோ மேல்வீட்டில் யாரும் இரண்டு மாதத்துக்கு மேல் தங்குவதில்லை. மனிதர்களுக்கு எது கொடுத்தாலும் திருப்தி கிடையாது.

உன் வாலு


மார்ச் 8

அன்புத் தம்பிக்கு,

வாலு என்று கையெழுத்துப் போட்டுச் சிரிக்கவைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? பாதி சரியாகிவிட்டது. மீதி அப்படியேதான் இருக்கிறது.

நான் கிழக்குக்குப் போய்விட்டு வந்தேன். இரண்டு நாள் லீவு போட்டு, இங்கே என்னோடு போர்வை மடிக்கிறவளின் நாத்தனார் வீட்டில் தங்கினேன். நீ சொன்னது சரி, தெருவில் நடந்தால் நம் பேச்சு காதில் விழுகிறது. முதல் நாள் அது தேன் மாதிரி இருந்தது. கடைக்காரர் "என்னம்மா, ஊருக்குப் புதுசா?" என்று கேட்டதற்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது. முகம் தெரியாத ஒருவர் நம் மொழியில் என்னை விசாரித்து அத்தனை நாளாகியிருந்தது.

இரண்டாம் நாள் நாத்தனார்காரி நாலு பெண்களைக் கூட்டி வந்து உட்கார்த்திவைத்தாள். உனக்குப் பிள்ளைகள் எத்தனை? ஏன் இல்லை? புருஷன் போன பிறகு ஏன் தனியாக இருக்கிறாய்? தம்பி இருக்கிறானா, அவன் ஏன் கூட வைத்துக்கொள்ளவில்லை? கடைசிக் கேள்வி வந்தபோது டீயைக் குடித்தேன். "அவன் ரொம்ப பிஸி" என்றேன். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையோடு ஐந்து வருஷம் என்னால் குப்பை கொட்ட முடியாது. கிழக்கு வேண்டாம்.

ஆனால் திரும்பி வந்து அறைக் கதவைத் திறந்ததும் அந்த நாலு பேரும் இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது. உன்னிடம் சொல்வதற்கென்ன, நான் வேலையிடத்தில் பேசுவது இரண்டே வார்த்தைதான். "அடுத்த ட்ராலி." இயந்திரம் ஓடுகிற இடத்தில் அதுகூடக் கத்தித்தான் பேச வேண்டும். போன மாதம் ஒரு நாள் கண்ணாடியைப் பார்த்து "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். பிறகு பயந்துபோய் வெளியே கிளம்பிவிட்டேன்.

வடக்கை இவ்வளவு தூக்கிவைத்துப் பேசுகிறாயே. அமைதி என்றால் நீ எதைச் சொல்கிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டும். பன்னிரண்டு வயதில் பக்கத்தில் வெடி வெடித்தாலும் எழுந்திருக்காதவன் நீ. ஒரு காரியம் செய். வருகிற ஏதாவது ஒரு புதன்கிழமை, காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை அந்தச் சும்மா கிடக்கிற அறையில் உட்கார். காதில் விழுகிற ஒவ்வொரு சத்தத்தையும் மணியோடு எழுதி அனுப்பு. ஒன்றையும் மறைக்காதே. நான் அதை வைத்துத்தான் முடிவு செய்யப்போகிறேன்.

அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று முன்தினம் புதன். நீ சொன்னபடியே உட்கார்ந்தேன். எட்டே முக்காலுக்கே சாப்பிட்டுவிட்டு, பரீட்சைக்குப் போகிற மாதிரி தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு நாற்காலியை அறையின் நடுவில் போட்டேன். ஓரத்தில் மணியை வரிசையாகக் குறித்துவைத்தேன். தாளைத் தனியாக இணைத்திருக்கிறேன். பார்த்தாயானால் பெரும்பாலும் வெள்ளையாகத்தான் இருக்கும்.

பத்தேகாலுக்கு ஒரு குருவி ஜன்னல் கம்பியில் உட்கார்ந்தது. வாயைத் திறந்து திறந்து மூடியது. கத்தியிருக்கும். சின்னக் குருவிதானே, பெரிய சத்தமில்லை. பதினொன்று நாற்பதுக்குச் சந்தில் ஒரு லாரி போனது, அது நன்றாகக் கேட்டது. பன்னிரண்டரைக்கு மேல்வீட்டில் எதையோ கீழே போட்டார்கள், அதுவும் கேட்டது. இரண்டு மணிக்கு நான் தும்மினேன். மற்றபடி ஒன்றுமில்லை. நான் எதையும் மறைக்கவில்லை அக்கா. மூச்சை அடக்கிக்கொண்டுகூட உட்கார்ந்து பார்த்தேன்.

ஆறு மணி நேரம் அப்படி உட்கார்ந்திருந்தது வேடிக்கையாக இருந்தது. நீ அந்த அறையில் தூங்கிக்கொண்டிருப்பதாகவும், நான் உன்னை எழுப்பிவிடாமல் காவல் காப்பதாகவும் நினைத்துக்கொண்டேன். மூன்று மணிக்கு எழுந்து உனக்கும் சேர்த்து டீ போட்டுவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன்.

கிழக்கில் அந்தப் பெண்கள் கேட்ட கேள்வியை நானும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். நான் பிஸி இல்லை. ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தால் மறுநாள் எட்டு மணி வரை எனக்கு ஒரு வேலையும் கிடையாது.

பொது மருத்துவமனை நடக்கிற தூரத்தில் இருக்கிறது. சலவைக்கூடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதையும் பார்த்து வைத்தேன்.

வாலு


ஏப்ரல் 12

அன்புத் தம்பிக்கு,

உன் வெள்ளைத்தாளைக் கட்டிலுக்கு நேரே சுவரில் ஒட்டியிருக்கிறேன். கீழே ஹாரன் அலறும்போது அதைப் பார்ப்பேன். பத்தேகால், குருவி. பதினொன்று நாற்பது, லாரி. அதைப் பார்த்துக்கொண்டே நேற்று மூன்று மணி நேரம் தூங்கிவிட்டேன். போர்வை மடிக்கிறவளிடம் காட்டினேன். "உன் தம்பிக்கு உன்மேல இவ்வளவு பாசமா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? செப்டம்பர் மாதத்தை அத்தோடு விட்டுவிட்டேன். இனி அந்தக் கையைப் பற்றிச் சொல்லிக்காட்ட மாட்டேன்.

வடக்குதான். முடிவு செய்துவிட்டேன்.

படிவத்தில் மற்றதெல்லாம் நிரப்பிவிட்டு அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக வைத்திருக்கிறேன். மே மூன்றாம் தேதி புதன்கிழமை, சாயங்கால பஸ்ஸில் வருகிறேன். உன் வீட்டில் உட்கார்ந்து, உன் எதிரிலேயே எழுதி, உங்கள் ஊர்த் தபால் பெட்டியில் இரண்டு பேருமாகப் போய்ப் போடலாம்.

மெலிந்திருக்கிறாயா? எப்படி இருந்தாலும் மெலிந்துவிட்டாய் என்றுதான் சொல்லுவேன், இப்போதே தயாராக இரு.

அக்கா


ஏப்ரல் 22

அக்கா,

என் படிவத்தில் கொட்டை எழுத்தில் வடக்கு என்று எழுதி நேற்றே போட்டுவிட்டேன். உன்னோடு சேர்ந்து போடலாம் என்றுதான் இருந்தேன், கை நிற்கவில்லை.

பஸ் ஆறரைக்கு வரும். நான் ஐந்து மணிக்கே நிலையத்தில் நிற்பேன். இறங்கிய இடத்திலேயே நில். நீயாக வீட்டைத் தேடிக்கொண்டு வராதே, சந்து குழப்பமாக இருக்கும். இதை மட்டும் தட்டாமல் கேள்.

உன் அறைக்கு ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். என்னவென்று சொல்ல மாட்டேன்.

வாலு


மே 5

தம்பிக்கு,

நீ சந்து குழப்பமாக இருக்கும் என்று எழுதினாய். ஒரு குழப்பமும் இல்லை. நேராகத்தான் இருந்தது.

எனக்குச் சாயங்காலம் வரை பொறுக்கவில்லை. முந்தின பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டேன். புதன் காலை பத்தரைக்கு உன் ஊரில் இறங்கினேன். உன்னை ஆச்சரியப்படுத்தப்போகிறேன் என்று சிரித்துக்கொண்டே முகவரி கேட்டுக்கொண்டு வந்தேன். சந்து முனையிலேயே அந்தச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. இரும்பைப் பல்லால் கடிக்கிற மாதிரி ஒரு கீச்சு. போகப்போக ஏறிக்கொண்டே வந்தது. உன் வீட்டு மதிலுக்குப் பின்னால் கல் அறுக்கிறார்கள். கிடங்கு என்று எழுதினாயே, அங்கேதான். மலைக்காற்றில் வருகிற தூசியாம், கல் மாவடா அது! எனக்குப் பல் கூசி, கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒரு பெண்பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு உன் மேல்வீட்டுப் படியிறங்கி ஓடுகிறாள். இதற்கு நடுவில் உட்கார்ந்துதான் நீ குருவி என்று எழுதினாய். நான் அதைச் சுவரில் ஒட்டினேன்.

அப்போதுகூட வீட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். கதவைத் தட்டினேன். பக்கத்து ஜன்னலில் உன் முதுகும் ஒரு கையும் தெரிந்தன. ஏதோ ஸ்டூல்மேல் ஏறி நிற்கிறாய். "நான்தான்டா, திற" என்றேன். கத்திக்கூடச் சொன்னேன். முறிந்த கையாலும் முறியாத கையாலும் மாற்றி மாற்றித் தட்டினேன். உன் கை ஜன்னல் பக்கம் வந்தது. வந்து, ஒரு கறுப்புத் துணியை மேலிருந்து கீழ்வரை இழுத்து மூடியது. என் முகத்துக்கு நேரே மூடியது.

அரை மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன். நான் வந்தால் உனக்குப் பாரம் என்றால் பிப்ரவரியிலேயே இல்லை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அதைத்தானே கேட்டேன்.

உன் வெள்ளைத்தாளின் பின்பக்கம் "பதில் கிடைத்தது" என்று எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தேன். பார்த்திருப்பாய். பஸ் நிலையத்தில் படிவத்தை எடுத்துத் தெற்கு என்று எழுதி அங்கேயே பெட்டியில் போட்டுவிட்டேன். இனி எனக்கு எழுதாதே.


மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடு.

எனக்குக் காது கேட்காது அக்கா.

முழுக்க இல்லை. லாரி கேட்கும், ஏதாவது கனமாக விழுந்தால் கேட்கும், காதருகே வந்து ஆண்குரலில் கத்தினால் பாதி புரியும். மெல்லியது, கீச்சென்றது எதுவும் கிடையாது. குருவி கிடையாது. உன் குரல் கிடையாது. கப்பல் தளத்தில் போன வருஷம் ஜூனில் சோதனை செய்தார்கள். டாக்டர் ஒரு கோடு வரைந்து காட்டினார், பாதிவரை நேராகப் போய் அப்புறம் கிணற்றில் விழுகிற மாதிரி விழுந்துவிட்டது. இரும்புத் தொட்டிக்குள் பதினோரு வருஷம் சுத்தியல் பிடித்தவர்களுக்கு எல்லாம் இப்படித்தானாம். காதில் வைக்க ஒரு மெஷின் கொடுத்தார்கள். அதைப் போட்டால் கரண்டி விழுவது இடி மாதிரி இருக்கிறது, பேச்சு மட்டும் கஞ்சியாகத்தான் இருக்கிறது. பெட்டியிலேயே கிடக்கிறது.

செப்டம்பரில் நீ போனில் பேசியபோது ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை. நீதான் என்று விடுதிப் பையன்கள் சொல்லித்தான் தெரியும். வழக்கமாக நலம் விசாரிப்பாய் என்று நினைத்து, வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். உன் கை முறிந்ததே பிப்ரவரியில் உன் கடிதத்தைப் படித்தபோதுதான் எனக்குத் தெரியும். ரொட்டியைப் பிய்த்துத் தின்றதையும் அன்றைக்குத்தான் படித்தேன். அதற்குப் பிறகும் வாயைத் திறக்கவில்லையே, அது என் தப்புதான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அத்தான் படுத்திருந்த ஒன்பது வருஷமும் உன்னைப் பார்த்தவன் நான். குளிக்கும்போதுகூடக் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் குளிப்பாய், அவர் கூப்பிட்டுவிடுவாரோ என்று. அவர் போன பிறகு நீ யாருக்காகவும் எழுந்து ஓடக் கூடாது என்று எனக்குள் ஒரு பிடிவாதம். தம்பிக்குக் காது போய்விட்டது என்று தெரிந்தால் நீ அன்றைக்கே மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவாய். அப்படி வராமல், நீயாக ஒரு ஊரைப் பார்த்துப் பிடித்துப்போய் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நேரில் வந்த பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதனால்தான் நிலையத்திலேயே நில் என்றேன். கதவைத் தட்டினால் எனக்குக் கேட்காதே.

தாளில் நான் எழுதியது பொய் இல்லை அக்கா. பெரிய சத்தம் எதுவாக இருந்தாலும் எனக்குக் கேட்கும் என்று நம்பினேன். சத்தியமாக அப்படித்தான் நம்பினேன். நீ வந்த அன்று சாயங்காலம் உன்னை அழைக்கக் கிளம்பும்போதுதான் கதவடியில் தாளைப் பார்த்தேன். இரண்டு வார்த்தையும் புரியவில்லை, உன் கையெழுத்து மட்டும் புரிந்தது. நிலையத்துக்கு ஓடினேன். ஆறரை பஸ்ஸில் வந்த எல்லாரும் இறங்கிப் போகும்வரை நின்றேன். அடுத்த பஸ்ஸுக்கும் நின்றேன்.

உன் கடிதம் வந்த பிறகு மதிலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். காவல்காரர் என் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினார்: "கல்லு அறுக்கறோம்யா! எட்டு மணியிலேர்ந்து! இந்தச் சந்துல புகார் குடுக்காத ஒரே ஆள் நீதான்யா, முதலாளி உன்னைப் பத்திப் பெருமையா சொல்வாரு!" சிரித்தார். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய? மதிலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். துடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கறுப்புத் துணி உன் அறையின் திரை அக்கா. பகலில் தூங்குகிறவளுக்கு வெளிச்சம் ஆகாதே என்று கனமான துணியாகத் தேடி, இரண்டு மடிப்பு வைத்து நானே தைத்தேன். நீ வருவதற்குள் மாட்டிவிட வேண்டும் என்று அன்று காலையிலிருந்து ஸ்டூல்மேல்தான் நின்றேன். மாட்டிவிட்டு, வெளிச்சம் ஒரு கோடுகூட வரவில்லை என்று உள்ளே நின்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். நீ வெளியே படியில் உட்கார்ந்திருந்தாய்.

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். உனக்கு வேண்டாமென்றால் கிழித்துப் போடு. நான் பொய்யன் என்று மட்டும் நினைக்காதே.

உன் தம்பி


மே 30

அன்புள்ள வாலு,

இந்தத் தடவை அன்புள்ள என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று வேலைக்குப் போகவில்லை. பதினோரு வருஷத்தில் சொல்லாமல் லீவு போட்டது அன்றைக்குத்தான். அழுதேன், பிறகு உன்னைத் திட்டினேன், பிறகு என்னைத் திட்டிக்கொண்டேன். மறுநாள் விடிந்ததும் வட்டார அலுவலகத்துக்குப் போனேன். நாலு நாள் தொடர்ந்து போனேன். நாலாம் நாள் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் என் படிவத்தை எடுத்து என் கண்ணுக்கு முன்னால் காட்டினார். பஸ் நிலைய பெஞ்சில் வைத்து எழுதியதில் எழுத்து கோணல்மாணலாக இருந்தது. "தெற்குன்னு நீங்கதானேம்மா எழுதியிருக்கீங்க? யாரும் கையைப் பிடிச்சு எழுத வைக்கலையே?" என்றார். இல்லை என்றேன். "அஞ்சு வருஷம் கழிச்சு வாங்க" என்றார். நல்ல மனிதர்தான், தண்ணீர்கூடக் கொடுத்தார். ஆனால் அந்த ஒரு கட்டத்தை மட்டும் யாராலும் மாற்ற முடியாதாம்.

ஆக நீ வடக்கு, நான் தெற்கு. என் அவசரத்துக்கு ஐந்து வருஷம். உன் வாய்மூடித்தனத்துக்கும் அதே ஐந்து வருஷம். சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொள்வோம், முன்பு பெட்டியைத் தூக்கி வந்த மாதிரி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். கேட்டுக்கொள் என்றால் படித்துக்கொள். உனக்காக எழுந்து ஓட வேண்டியிருக்கும் என்று யார் சொன்னது? நீ கூப்பிட மாட்டாய், நான் கூப்பிட்டால் உனக்குக் கேட்காது. இதைவிட நிம்மதியான குடித்தனம் எனக்கு எங்கே கிடைத்திருக்கும்? என்னிடம் கேட்காமல் என் பாரத்தை நீயே நிறுத்துப் பார்த்துவிட்டாய். அதற்குத்தான் எனக்குக் கோபம், காதுக்கு இல்லை.

அந்தச் சந்தை விட்டு வீட்டை மாற்று. பார்க்கப் போகும்போது காதுள்ள ஆள் யாரையாவது கூட்டிக்கொண்டு போ, அந்தக் காவல்காரராக இருந்தாலும் சரி. திரையைக் கழற்றிக்கொண்டு போய் அங்கே மாட்டு. ஜன்னல் அளவு சரியில்லை என்றால் வெட்டாதே, மடித்துத் தை.

உன் தாள் வந்தது. பழைய இடத்திலேயே ஒட்டிவிட்டேன். கீழே ஹாரன் அடிக்கிறார்கள். இன்று அதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வரவில்லை. உனக்கு இது கேட்காதே என்றுதான் இருந்தது.

வருஷத்துக்குப் பதினைந்து நாள் லீவு தருகிறார்கள். அக்டோபரில் எடுக்கிறேன். எந்தப் பஸ் என்று சொல்ல மாட்டேன், என் குணம் உனக்குத் தெரியும், சொன்னாலும் முந்தின பஸ்ஸில்தான் வருவேன். அதனால் நிலையத்தில் வந்து நிற்காதே. புது வீட்டுச் சாவிக்கு ஒரு நகல் செய்து இந்த முகவரிக்குத் தபாலில் அனுப்பு. நான் கதவைத் தட்ட மாட்டேன். திறந்துகொண்டு உள்ளே வந்து, நீ எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாலும் சுற்றிக்கொண்டு வந்து, உன் எதிரில் நிற்பேன்.

அக்கா